நடக்காத சண்டைகளின் வரலாறு

1970ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி இரவு, அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கணக்கான திரையரங்குகளில் சனங்கள் காசு கொடுத்து உள்ளே போய் ஒரு குத்துச்சண்டையைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் ரொக்கி மார்சியானோ. 49 சண்டைகளில் 49 வெற்றி பெற்று, தோல்வியே காணாமல் 1956இல் ஓய்வுபெற்ற வெள்ளை அமெரிக்கர். மறுபக்கம் முஹம்மத் அலி. அதுவரை 29 சண்டைகளில் 29 வெற்றி. பதின்மூன்றாவது சுற்றில் மார்சியானோவின் குத்து விழுந்தது. அலி சரிந்தார். நடுவர் பத்து வரை எண்ணி முடித்தார். சனங்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

அப்படியொரு சண்டை நடக்கவேயில்லை. அதை அவர்களும் அறிவார்கள். மார்சியானோ இறந்து அப்போது ஐந்து மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. அலியோ வியட்நாம் போருக்குப் போக மறுத்த குற்றத்துக்காகக் குத்துச்சண்டைக் கூடத்துக்குள் கால் வைக்கவே அனுமதி இல்லாதவராக இருந்தார். இறந்துபோன ஒருவர், தடைசெய்யப்பட்ட ஒருவரைத் தோற்கடித்தார். தீர்ப்புச் சொன்னது ஒரு கணினி என்று விளம்பரம் செய்தார்கள்.

கற்பனைச் சண்டைகளைத் திட்டமிடும் ‘சிமியுலேட்டர்’ எனப்படும் போலச்செய்யும் கருவிகளை இன்றைய பிள்ளைகள் கைப்பேசியில் வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள். இது ஏதோ நேற்று வந்த பொழுதுபோக்கு என்றுதான் பெரியவர்கள் நினைக்கிறோம். அதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் ஒரு வழக்கும் இருக்கிறது. நடக்காத ஒரு சண்டையில் தோற்றதாகச் சொன்னதற்காக மானநஷ்டம் கேட்டுப் போடப்பட்ட வழக்கு அது. நான் எழுத வந்தது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

மியாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் மரி வொரோனர் 1967இல் ஒரு யோசனை கண்டுபிடித்தார். வெவ்வேறு காலத்தில் வாழ்ந்த ஹெவிவெயிட் வீரர்கள் பதினாறு பேரை ஒருவரோடு ஒருவர் மோத விட்டால் யார் வெல்வார்? சலூன் கடையிலும் தேநீர்க் கடையிலும் ஊருக்கு ஊர் நடக்கும் வாக்குவாதம்தான் இது. வொரோனர் செய்த புதுமை, அந்த வாக்குவாதத்தை ஒரு இயந்திரத்திடம் ஒப்படைத்தது. குத்துச்சண்டை எழுத்தாளர்கள், நிபுணர்கள் என்று 250 பேரளவில் கேள்விக்கொத்து அனுப்பினார். ஒவ்வொரு வீரரின் பலம், பலவீனம், வேகம், தாக்குப்பிடிக்கும் சக்தி, எந்தக் கையால் எப்படி அடிப்பார் என்பதெல்லாம் இலக்கங்களாக மாற்றப்பட்டன. அந்த இலக்கங்கள் என்.சி.ஆர். 315 என்ற கணினிக்குள் போயின. அன்றைக்கு அது ஒரு அறையையே அடைக்கும் பெரிய இயந்திரம். இன்று ஒரு கைப்பேசிப் படத்தைச் சேமிக்கவும் அதன் நினைவகம் போதாது.

இயந்திரம் சுற்றுச்சுற்றாக என்ன நடந்தது என்று காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தது. அறிவிப்பாளர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணெதிரே சண்டை நடப்பதுபோல மூச்சிரைக்க வர்ணனை செய்தார். பின்னணியில் சனக்கூட்டத்தின் இரைச்சலைப் போட்டார்கள். எங்கள் தலைமுறை கிரிக்கெட்டை வானொலியில் கேட்டு வளர்ந்தது. மைதானத்தைக் கண்ணால் காணாமலே ஒவ்வொரு பந்தையும் பார்த்தவர்கள் நாங்கள். ஆகவே அமெரிக்கர் அதை நம்பிக் கேட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. வானொலி இறுதிப் போட்டியில் மார்சியானோ, ஜக் டெம்சியைப் பதின்மூன்றாவது சுற்றில் வீழ்த்தினார். எல்லாக் காலத்துக்குமான மகா வீரர் என்று கச்சையும் கொடுத்தார்கள்.

அலி அந்த இறுதிவரை வரவில்லை. காலிறுதியில் ஜிம் ஜெஃப்ரிஸ் என்பவரிடம் தோற்றுவிட்டதாக இயந்திரம் சொன்னது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். யார் இந்த ஜெஃப்ரிஸ்? 1899 முதல் 1905 வரை உலகப் பட்டத்தை வைத்திருந்த வெள்ளையர். பட்டம் கையிலிருந்த காலத்தில் கறுப்பினத்தவர் எவருடனும் பட்டத்துக்காக மோத மாட்டேன் என்று நின்றவர். 1908இல் ஜக் ஜோன்சன் என்ற கறுப்பர் சிட்னியில் வைத்துப் பட்டத்தைக் கைப்பற்றியபோது வெள்ளை அமெரிக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. ஓய்வுபெற்றுத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஜெஃப்ரிஸை வெள்ளையினத்தின் மானத்தைக் காக்க வாருங்கள் என்று இழுத்து வந்தார்கள். 1910 ஜூலை 4ஆம் திகதி நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் சண்டை நடந்தது. பதினைந்தாவது சுற்றில் ஜெஃப்ரிஸ் முடிந்துபோனார். அன்றிரவே பல நகரங்களில் வெள்ளையர் கறுப்பரைத் தாக்கினர். உயிர்கள் போயின. அந்தச் சண்டையின் படத்தைப் பல ஊர்களில் காட்ட விடவில்லை. 1912இல் குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகவே கூடாதென்று அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது.

நடந்த சண்டையின் படத்தைச் சட்டம் போட்டு மறைத்தார்கள். அறுபது வருடங்களுக்குள், நடக்காத சண்டையின் படத்தைத் திரையரங்குகளில் ஓட்டினார்கள். 1910இல் ஒரு கறுப்பு வீரரிடம் தோற்ற ஜெஃப்ரிஸ், 1967இல் இன்னொரு கறுப்பு வீரரை இயந்திரத்துக்குள் வைத்து வென்றார். இதை யாரும் சதி செய்து திட்டமிட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சதி தேவையேயில்லை. கேள்விக்கொத்தை நிரப்பியவர்களின் மனதில் என்ன இருந்ததோ அதுதான் இலக்கமாகி உள்ளே போயிருக்கும். இயந்திரம் அதைத் திருப்பித் தந்திருக்கும்.

1967இல் அலியின் நிலைமையையும் நினைத்துப் பாருங்கள். 1964 பெப்ரவரி 25இல் சொனி லிஸ்டனை வென்று உலக வீரரானார். கசியஸ் கிளே என்ற பெயரை விட்டு முஹம்மத் அலி ஆனார். அந்தப் பெயரைச் சொல்லி அழைக்கப் பத்திரிகைகள் பல வருடங்கள் மறுத்தன. 1967 ஏப்ரல் 28இல் ஹூஸ்டனில் இராணுவத்தில் சேர்வதற்கான அடியை முன்வைக்க மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது. உரிமப்பத்திரம் பறிக்கப்பட்டது. ஜூன் மாதம் ஐந்து வருடச் சிறையும் 10,000 டொலர் தண்டமும் விதித்தார்கள். மேன்முறையீட்டில் வெளியே இருந்தாரே தவிர, சண்டை போட வழியில்லை. இருபத்தைந்து வயது. உடம்பு உச்சத்தில் இருக்கும் காலம். தான் யார் என்று காட்டக்கூடிய ஒரே இடத்தின் கதவை மூடிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, அவர் இல்லாத இடத்தில், அவர் பெயரில் ஒருவரைத் தோற்க வைத்து வானொலியில் ஒலிபரப்புகிறார்கள்.

அலி வொரோனர் மீது பத்து இலட்சம் டொலர் கேட்டு வழக்குப் போட்டார். கற்பனைச் சண்டையில் தோற்றதற்கு வழக்கா என்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன்.

ஏன் என்று சொல்வதற்கு, இந்தக் கருவி எப்படி இயங்குகிறது என்று முதலில் சொல்ல வேண்டும். அதற்கு மியாமிக்குப் போகத் தேவையில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்றே போதும்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் தண்ணீரூற்றிலும் பக்கத்து முள்ளியவளையிலுமாக ஏழெட்டுப் பையன்கள். பள்ளிவாசல் பக்கத்துப் பிள்ளைகளும் கோயில் பக்கத்துப் பிள்ளைகளும் கலந்த கூட்டம். எங்களிடம் ஒரு நாற்பது தாள் கொப்பி இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வீரர். முஹம்மத் அலி, தாராசிங், கிங்கொங், ஜோ ஃப்ரேசியர் என்று சலூன் கடைச் சுவரிலும் பழைய பேப்பரிலும் கண்ட பெயர்களெல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொருவருக்கும் பலம், மூச்சு, தந்திரம் என்று மூன்று இலக்கங்கள், பத்துக்குள். உருட்டுவதற்கு நான்கு புளியங்கொட்டைகள். ஒரு பக்கத்தைச் சீமெந்துத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருந்தோம். தாயம் விளையாடும் வீடுகளில் இந்தக் கொட்டைகளுக்குக் குறைவில்லை. எறியும்போது எத்தனை வெள்ளை விழுகிறதோ அதை வீரரின் இலக்கத்தோடு கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை பெரியவருக்குச் சுற்று. நான்கும் வெள்ளையாக விழுந்தால் எதிராளி நிலத்தில். ஒவ்வொரு சுற்று முடிவிலும் மூச்சில் ஒன்று குறையும். மூச்சு தீர்ந்தவனுக்குப் பிறகு பலமும் குறையத் தொடங்கும்.

இவ்வளவுதான் சிமியுலேட்டர். ஆளை இலக்கமாக்குவது, அதிர்ஷ்டத்துக்கு ஒரு வழி வைப்பது, இரண்டையும் சேர்க்க ஒரு விதி. வொரோனரின் கணினியும் இதைத்தான் செய்தது. அதற்குக் கொஞ்சம் கூடுதலான நிரல்கள் இருந்தன. கொட்டையின் இரு பக்கமும் விழச் சரிசமமான வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், நான்கு கொட்டைகளுக்கும் 16 விதமான விழுகைகள் உண்டு. இரண்டு வெள்ளை ஆறு விதத்தில் விழும். ஒன்று அல்லது மூன்று வெள்ளை நான்கு நான்கு விதத்தில் விழும். நான்கும் வெள்ளை ஒரேயொரு விதம்தான். சண்டையில் சாதாரண அடிகள் அடிக்கடியும் வீழ்த்தும் அடி எப்போதாவதும் விழுவதற்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தியது. கணக்கெல்லாம் அன்று எங்களுக்குத் தெரியாது. அது சரியாக இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

கொப்பிக்கு இலக்கம் போடும் உரிமை மூத்த மச்சான் ஒருவருக்கு இருந்தது. கொப்பியை வாங்கியவர் அவர்தான். அவர் அலிக்கு மூன்று பத்துக்களையும் போட்டிருந்தார். முள்ளியவளைப் பையன் ஒருவன் பாடசாலை நாடகத்தில் பண்டாரவன்னியனைப் பார்த்துவிட்டு வந்து, பண்டாரவன்னியனையும் கொப்பியில் சேர்க்க வேண்டும் என்று அடம்பிடித்தான். சேர்த்தோம். பலம் ஏழு, மூச்சு ஆறு, தந்திரம் எட்டு என்று மச்சான் போட்டார். கிங்கொங்கோடு நடந்த முதல் சண்டையிலேயே வன்னியன் விழுந்துவிட்டான். அந்தப் பையன் கொட்டைகளைத் தூக்கி எறியவில்லை, அழவில்லை. ஒரு கேள்விதான் கேட்டான்: “ஆர் இதுக்கு மார்க் போட்டது?”

பிற்காலத்தில் எத்தனையோ புத்தகங்களில் இந்தக் கருவிகளைப் பற்றி வாசித்தேன். இதைவிட முக்கியமான கேள்வியை எங்கும் காணவில்லை. அலியின் வழக்கும் அதே கேள்விதான்.

1990 ஒக்டோபர் கடைசியில் வடமாகாண முஸ்லிம்கள் எல்லாரையும் புலிகள் வெளியேற்றியபோது நாங்களும் வெளியேறினோம். கையில் எடுத்துக்கொண்டு போகும் பொருட்களில் ஒரு நாற்பது தாள் கொப்பி இடம்பெறுவதில்லை. அந்தப் பையன் முள்ளியவளையில் இருந்தான். 2010க்குப் பிறகு நான் ஊருக்குப் போய் விசாரித்தபோது, 2009இன் முதல் மாதங்களுக்குப் பின் அவனைக் கண்டவர்கள் ஒருவரும் இல்லை.

இலக்கத்தை உருட்டிப் பார்ப்பது விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை மட்டுமல்ல. பிரஷ்ய இராணுவ அதிகாரிகள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்தி, தாயக்கட்டை உருட்டிப் போர் பழகினார்கள். 1946இல் ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணிதவியலாளர் நோயிலிருந்து தேறிவரும் நாட்களில் சீட்டுக்கட்டை வைத்துத் தனியாட்டம் ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டம் கைகூடுவதற்கான வாய்ப்பைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது. நூறு தடவை ஆடிப் பார்த்து எண்ணிவிட்டால் என்ன என்று யோசித்தார். மொன்டி கார்லோ முறை என்று பெயர்பெற்ற கணிப்பு முறை அதிலிருந்து பிறந்தது. முதலில் அது பயன்பட்டது அணுகுண்டு ஆராய்ச்சிக்கு.

உலாமின் யோசனையில் ‘நூறு தடவை’ என்பதுதான் உயிர். வொரோனர் அதைத்தான் விட்டுவிட்டார். ஒரு கணக்குச் சொல்கிறேன். இரு வீரர்களில் ஒருவர் தெளிவாகவே மேலானவர். ஒவ்வொரு சுற்றையும் வெல்ல அவருக்கு ஐந்தில் மூன்று பங்கு வாய்ப்பு என்று வையுங்கள். பதினைந்து சுற்றுச் சண்டையில் அவர் தோற்கும் வாய்ப்பு எவ்வளவு? நூற்றுக்கு 21. ஐந்து தடவை ஓடவிட்டால் ஒரு தடவையளவில் குறைந்தவர் வெல்வார். சண்டையை ஒரேயொரு தடவை ஓடவிட்டு, வந்த தாளை எடுத்துக்கொண்டு, இவர்தான் எல்லாக் காலத்துக்கும் பெரியவர் என்பது கணக்கு அல்ல. அது கதை. பதின்மூன்றாவது சுற்று, இடது கை, வலது கை என்று துல்லியம் கூடக்கூட அது மேலும் கதையாகிறது. கதை எழுதுவதில் குற்றமில்லை. கதைக்குத் தீர்ப்பு என்று பெயர் வைத்ததுதான் பிழை. அலியின் மானம் போனது அந்தப் பெயரால்தான்.

வழக்கு நீதிமன்றத்தில் முடியவில்லை, பேச்சுவார்த்தையில் முடிந்தது. மார்சியானோவோடு ஒரு கற்பனைச் சண்டையில் நடிக்க அலி சம்மதித்தார். 10,000 டொலரும் வருமானத்தில் பங்கும் பேசப்பட்டது. உழைப்பில்லாமல் இருந்த மனிதருக்கு அந்தப் பணமும் தேவைதான். 1969இல் மியாமியில் ஒரு மூடிய ஸ்டூடியோவில் படமாக்கினார்கள். பார்வையாளர் கிடையாது. நாற்பத்தைந்து வயது மார்சியானோ இதற்காக இருபது கிலோவுக்கு மேல் எடை குறைத்து, வழுக்கைக்குப் பொய்முடி வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிடச் சுற்றுக்களாக எழுபதுக்கும் மேல் எடுத்தார்கள். முகத்துக்கு வந்த குத்துக்களைப் பெரும்பாலும் தடுத்துக்கொண்டார்கள். இரத்தம் ஒப்பனை. பொய்முடி ஒரு தடவை அலியின் கைபட்டுப் பறந்ததாகச் சொல்வார்கள். அலி விழுவதாக, மார்சியானோ விழுவதாக, காயத்தால் நிறுத்தப்படுவதாகப் பல முடிவுகளைப் படம்பிடித்தார்கள். எது திரைக்கு வரும் என்று இருவருக்கும் சொல்லப்படவில்லை.

மார்சியானோவுக்குத் தெரியாமலே போய்விட்டது. படப்பிடிப்பு முடிந்து மூன்று வாரமளவில், 1969 ஓகஸ்ட் 31ஆம் திகதி, அயோவா மாநிலத்தில் சிறிய விமானமொன்று விழுந்து அவர் இறந்தார். மறுநாள் அவருடைய நாற்பத்தாறாவது பிறந்த நாள்.

அலி திரையரங்கில் தான் தோற்பதைப் பார்த்தார். அந்தக் கொம்பியூட்டரை அலபாமாவில் செய்திருப்பார்கள் என்று பிறகு பகிடியாகச் சொன்னார். அலபாமா என்றால் இனவெறிக்குப் பேர்போன தென்மாநிலம். ஒரு வரியில் முழு வழக்கையும் அவர் சொல்லி முடித்துவிட்டார். இன்னொரு விடயம். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி வென்றார். ஒரே கணினி, ஒரே இலக்கங்கள். சமுத்திரத்தின் அந்தப் பக்கம் ஒரு முடிவு, இந்தப் பக்கம் இன்னொரு முடிவு. எந்த ஊரில் எந்த முடிவுக்குக் கைதட்டுவார்கள் என்பதைக் கணக்குப் பார்த்த மூளை இயந்திரத்தினுடையது அல்ல.

நிஜத்தில் என்ன நடந்தது? 1970 ஒக்டோபர் 26ஆம் திகதி அட்லாண்டாவில் அலி மறுபடி களமிறங்கினார். 1971 மார்ச் 8ஆம் திகதி ஜோ ஃப்ரேசியரிடம் பதினைந்து சுற்று நின்று புள்ளிகளால் தோற்றார். அதுதான் அவருடைய முதல் தோல்வி. அதே ஆண்டு ஜூன் 28ஆம் திகதி உயர் நீதிமன்றம் அவருடைய தண்டனையை ஏகமனதாக நீக்கியது. 1974இல் கின்ஷாசாவில் ஜோர்ஜ் ஃபோர்மனைச் சந்தித்தபோது அவரை நம்பியவர்கள் குறைவு. ஃப்ரேசியரையும் கென் நோர்ட்டனையும் இரண்டிரண்டு சுற்றில் முடித்தவர் ஃபோர்மன். அலி கயிற்றில் சாய்ந்து நின்று அடி வாங்கினார். ஃபோர்மன் அடித்தடித்தே களைத்தார். எட்டாவது சுற்றில் விழுந்தார். வேண்டுமென்றே கயிற்றில் சாய்வது என்று ஒரு நிரல் அன்று யாருடைய அட்டவணையிலும் இருந்திருக்காது.

குத்துச்சண்டையை விட்டு மல்யுத்தத்துக்கு வந்தால் நிலைமை வேறு. எங்கள் பெரியவர்கள் தாராசிங், கிங்கொங் கதைகளைச் சொல்லும்போது இருவரும் உண்மையில் ஒருவரையொருவர் கொல்லத் துணிந்தவர்கள் என்பதுபோல்தான் சொல்வார்கள். கிங்கொங் என்பவர் எமில் ஸாயா என்ற ஹங்கேரியர். நூற்றெண்பது கிலோவுக்கும் மேற்பட்ட உடம்போடு ஆசிய நகரங்களையெல்லாம் சுற்றி வந்தவர். 1970இல் இறந்தார். வெற்றி முன்கூட்டியே பேசப்படுகிறதா என்ற சந்தேகம் அன்றும் இருந்தது. தொழிலில் உள்ளவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். 1989இல் அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனமே, இது விளையாட்டுப் போட்டியல்ல, பொழுதுபோக்கு என்று நியூ ஜேர்சி மாநிலத்திடம் ஒப்புக்கொண்டது. உண்மை மீதுள்ள பற்றினால் அல்ல. விளையாட்டுப் போட்டிகளுக்குரிய வரியும் கட்டுப்பாடும் தேவையில்லை என்பதற்காக.

ஒப்புக்கொண்ட பிறகு பார்வையாளர் குறைந்தார்களா? இல்லை. ரோலண்ட் பார்த் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் 1957இல் வெளிவந்த தன் நூலில் இதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறார்: மல்யுத்தம் பார்ப்பவனுக்கு யார் வெல்வார் என்பது கேள்வியே அல்ல, அவன் பார்ப்பது நாடகத்தை. முல்லைத்தீவுச் சனங்களுக்கு இதைச் சொல்ல பார்த் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடுவார்கள். கோவலன் வெட்டுப்படுவான் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் விடியவிடியப் பாயை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். அண்ணாவியார் இந்தமுறை எப்படி ஆட்டுவிக்கிறார், கண்ணகி வேடக்காரருக்குக் குரல் நிற்கிறதா என்பதுதான் பேச்சு. நாங்கள் பையன்கள் பின்னால் நின்று பார்த்திருக்கிறோம்.

ஆகவே இரண்டு வகைக் கருவிகள் உருவாயின. 1979இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டைட்டில் பவுட்’ என்ற அட்டை விளையாட்டு குத்துச்சண்டைக்கானது. ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை, அதில் இலக்கங்கள், அடியைத் தீர்மானிக்க இன்னொரு சீட்டுக்கட்டு. எங்கள் கொப்பியின் பணக்காரத் தம்பி என்று சொல்லலாம். அது ‘யார் வெல்வார்’ என்ற கேள்விக்கு விடை தேடுகிறது. 1986இல் டொம் ஃபில்சிங்கர் என்பவர் வெளியிட்ட ‘சாம்பியன்ஸ் ஒஃப் த கலக்ஸி’ மல்யுத்தத்துக்கானது. தாயக்கட்டை உருட்டி ஆடுவது. அதில் வருகிறவர்கள் எல்லாரும் கற்பனை மனிதர்கள், எதிர்காலத்து வீரர்கள். அலிபோல் ஒருவர் வந்து வழக்குப் போட வழியில்லை! பிறகு 1995இல் இங்கிலாந்தைச் சேர்ந்த அடம் றைலண்ட் உருவாக்கிய ‘எக்ஸ்ட்ரீம் வோர்ஃபெயார்’ கணினி விளையாட்டு வேறொரு திசையில் போனது. அதில் யார் வெல்ல வேண்டும் என்பதை ஆடுகிறவரே தீர்மானிக்கிறார். கணினி சொல்வது, அந்தச் சண்டை சனங்களுக்குப் பிடித்ததா, எத்தனை புள்ளி பெறும் என்பதை. ஆடுகிறவர் வீரரல்ல, அண்ணாவியார். இந்த வகைதான் எனக்கு நேர்மையானதாகப் படுகிறது. தான் கதை சொல்லுகிறேன் என்பதை அது மறைக்கவில்லை.

புத்தளம் முகாமில் தொண்ணூறுகளில் பிள்ளைகளின் கையில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் அட்டைகள் இருந்தன. உயரம், எடை, நெஞ்சளவு, ஆடிய சண்டை, வென்ற சண்டை என்று இலக்கங்கள். ஒருவன் ‘எடை’ என்பான், மற்றவன் தன் அட்டையைப் பார்ப்பான், கூடியவன் இரண்டையும் எடுத்துக்கொள்வான். யோகோசுனா கையில் இருந்தால் எடையைச் சொல்ல வேண்டும் என்பது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. அதிர்ஷ்டம் சீட்டைக் கலைப்பதோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு எல்லாம் அச்சடித்த இலக்கம். எவரும் கேள்வி கேட்க முடியாது. அச்சகம் போட்ட புள்ளி. ஓலைக் கொட்டிலின் வாசலில் அந்தப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்கும்போது, எங்கள் கொப்பியில் அழிறப்பரால் அழித்து அழித்துப் பக்கமே கிழிந்துபோன இடங்கள் நினைவுக்கு வரும். அங்கே ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு சண்டை நடந்திருந்தது.

1980 ஜனவரியில் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எலிஸுடன் காட்சிச் சண்டை போட்டார். எம்.ஜி.ஆர். அப்போது முதலமைச்சர். எலிஸ் அலியின் சின்ன வயதுச் சிநேகிதர், ஒரே ஊர்க்காரர். அலியிடமிருந்து பட்டத்தைப் பறித்த காலத்தில் உலகக் குத்துச்சண்டைச் சங்கம் நடத்திய போட்டியில் அந்தப் பட்டத்தை வென்றவரும் அவர்தான். 1971இல் அலியிடம் உண்மையாகவே அடிவாங்கித் தோற்றவர். சென்னையில் இருவரும் சனங்களுக்காக ஆடிக் காட்டினார்கள். யாரும் விழத் தேவையில்லை, யாரும் அதைத் தீர்ப்பென்று சொல்லவுமில்லை. மச்சானிடம் இருந்த பேப்பர்த் துண்டில் அந்தப் படம் இருந்தது. அலிக்கு மூன்று பத்துப் போட்டதற்கு அவர் காட்டிய ஆதாரம் அது ஒன்றுதான்.

மியாமிப் படத்தின் பிரதிகளை ஒரு நாள் காட்சியோடு அழித்துவிட ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒன்று தப்பிவிட்டது. 2005இல் இறுவட்டாக வெளிவந்தது. நானும் பார்த்தேன். படம் என்று பார்த்தால் சுமாரானது. ஆனால் அலி கால்மாற்றி ஆடும் ஒரு சில கணங்களில், இரண்டு வருடங்களாகக் களம் காணாத அந்த உடம்பு நடிப்பதை மறந்துவிடுகிறது. மார்சியானோவும் மறந்துவிடுகிறார். 2006இல் வந்த ‘ரொக்கி பல்போவா’ திரைப்படத்தில் கணினியில் நடக்கும் கற்பனைச் சண்டை ஒன்றைப் பார்த்துத்தான் கிழவர் ரொக்கிக்கு மறுபடி களமிறங்கும் ஆசை வருகிறது. அந்தக் காட்சியின் பாட்டன் இந்தப் படம்தான்.

போன வருடம் முள்ளியவளையில் தம்பி வீட்டில் நின்றபோது, அவன் மகன் கைப்பேசியில் இப்படியொரு விளையாட்டை வைத்திருந்தான். விரும்பிய பெயரில் வீரரை உருவாக்கலாம். இலக்கங்களையும் நாமே போடலாம். பண்டாரவன்னியனைப் போடு என்றேன். பாடசாலையில் படித்திருந்தான், யாரென்று தெரிந்தது. கற்சிலைமடுவில் வெள்ளையர் நட்டுவைத்த கல்லைப் பற்றியும் தெரிந்திருந்தான். 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று ஆங்கிலத்தில் பொறித்த கல். வென்றவன் எழுதிவைத்த தாள். ஓகஸ்ட் 25ஆம் திகதி முல்லைத்தீவுக் கோட்டையை வன்னியன் பிடித்ததைப் பற்றி அந்தக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை.

பலம் எட்டு என்றான். தந்திரம் ஒன்பது என்றான். “மூச்சு எத்தனை போடுறது, பெரியவாப்பா?”

ஓகஸ்ட் 25இலிருந்து ஒக்டோபர் 31வரை எண்ணச் சொன்னேன். விரலை மடக்கி எண்ணினான். அறுபத்தேழு நாள்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பத்துப் போட்டான்.